இக்காஸ்ட் நூற்கட்டைகளின் மலர் அக்கா

சென்ற வியாழக்கிழமை மதியம், அலுவலகக் கேன்டீனில் தட்டோடு உட்காரப் போகும்போது கைப்பேசி அதிர்ந்தது. "நூற்கட்டைகள்" என்று எங்களுக்கு ஒரு குழு உண்டு. கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கும், யாருக்காவது குழந்தை பிறந்த சேதிக்கும் தவிர அதில் சத்தமே இருக்காது. மலர் அக்காவின் மகள் ஷரோன் எழுதியிருந்தாள். மேலே டேனிஷில் ஒரு வரி. அதன் கீழே, அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத தமிழில், "அம்மா இண்டைக்கு விடியக்காலமை போயிட்டா" என்று ஒரு வரி.

தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, கோபன்ஹேகனில் படிக்கும் என் மகள் நிலாவை அழைத்தேன். அவளும் பார்த்திருந்தாள். பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்பா, என் ஸ்டிக் இன்னும் கராஜ்லதான இருக்கு?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் எங்கள் அணியில் இருந்தவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிரேஸ் தவமலர் என்பது அவருடைய முழுப் பெயர். டென்மார்க்கில் எங்கள் ஊரான இக்காஸ்டில் தமிழர், டேனிஷ்காரர் எல்லோருக்கும் அவர் மலர் அக்காதான். டேனிஷ் பிள்ளைகள் "அக்கா" என்பதை அவருடைய குடும்பப் பெயர் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பருத்தித்துறையிலிருந்து இருபத்துச் சொச்சம் வயதில் வந்து, இங்கே ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். தொழிற்சாலை மெல்ல மெல்லச் சுருங்கி மூடப்பட்ட பின், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பெந்தெகொஸ்தே சபையில் முன் வரிசையில் இருப்பார். குரல் கனமானது. மைக் வைத்துப் பாடினால் பின் வரிசையில் இருப்பவர்களும் காதைப் பொத்துவார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் திருநெல்வேலிக்காரன். காற்றாலை வேலைக்காக ஹெர்னிங் பக்கம் குடும்பத்தோடு வந்தவன். ஈழத்தமிழ் எனக்கு அப்போது பாதிதான் பிடிபடும். மலர் அக்காவை நான் முதலில் பார்த்தது, பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், விளையாட்டு மண்டபத்தின் மேல்மாடியில் நடந்த ஒரு பெற்றோர் கூட்டத்தில்.

இக்காஸ்ட் ஹேண்ட்பால் ஊர். பெண் பிள்ளை நடக்கத் தொடங்கினால் கையில் பந்தைக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஹேண்ட்பாலில் இடம் கிடைக்காத பிள்ளைகளையும், இடம் கிடைத்தும் பெஞ்சிலேயே உட்கார்ந்து சலித்த பிள்ளைகளையும் சேர்த்து, மெட்டே என்ற பள்ளி ஆசிரியை ஒரு ஜூனியர் லக்ரோஸ் அணி தொடங்கினார். லக்ரோஸ் என்றால் எங்களில் ஒருவருக்கும் என்னவென்று தெரியாது. நீண்ட ஸ்டிக், அதன் முனையில் சின்ன வலைப்பை. ரப்பர் பந்தை அதில் ஏந்திக்கொண்டு, குழந்தையை ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டே ஓட வேண்டும். அதை வைத்தே எறிந்து, அதை வைத்தே பிடித்து, கோல் போட வேண்டும். மெட்டே செய்து காட்டியபோது எளிதாகத்தான் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் ஓடியபோது பந்து அவர்களுக்குப் பின்னால் ஓடியது.

அந்தக் கூட்டத்தில் மெட்டே, அணிக்கு ஒரு ஹோல்லீடர், அதாவது அணிப் பொறுப்பாளர், வேண்டும் என்றார். பயண ஏற்பாடு, உடைகள், பெற்றோரை விரட்டுவது எல்லாம் அவர் தலையில்தான். டென்மார்க்கில் இந்தக் கேள்வி எழுந்ததும் பெற்றோர் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் ஷூவைப் பார்ப்பார்கள். நாங்களும் பார்த்தோம். மலர் அக்கா மட்டும் கையைத் தூக்கினார். உடனே எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். மெட்டே ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, நான் குடிக்கக் கோப்பி எங்க இருக்கெண்டு கேக்கத்தான் கையைத் தூக்கினனான்" என்றார். இருந்தும் தூக்கிய கையை அவர் கீழே போடவில்லை. கடைசிவரை போடவில்லை.

எனக்கு மினிபஸ் ஓட்டும் வேலையும் கோல் கணக்கு எழுதும் வேலையும் கிடைத்தன. மடிக்கும் நாற்காலி ஒன்று, வெறுந்தேநீர் நிரப்பிய பிளாஸ்க் ஒன்று. இவற்றைத் தூக்கிக்கொண்டு அக்கா எல்லைக்கோட்டோரம் வந்துவிடுவார். நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "ஓடு", "விடாத", "பின்னுக்குப் பார்" என்று அவர் தமிழில் கத்துவார். கொஞ்ச நாளில் டேனிஷ் பிள்ளைகளும் ஆளுக்கு ஆள் "பின்னுக்கு" என்று கத்தத் தொடங்கினார்கள். எதிரணிக்கு ஒன்றும் புரியாது. மெட்டே அதை எங்கள் ரகசிய ஆயுதம் என்று சொல்லிப் பெருமைப்பட்டார். ஆயுதம் இருந்து என்ன, முதல் சீசனில் நாங்கள் ஒரு ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. சமன்கூடச் செய்யவில்லை.

காரணத்தில் பாதி ஸ்டிக்குகள். கலைந்துபோன ஏதோ ஒரு கிளப்பிலிருந்து மெட்டே சும்மா வாங்கி வந்தவை. வலைகள் இற்றுப்போய், பந்து சில நேரம் வலையின் ஊடாகவே கீழே விழும். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சோர்ந்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு முன் அணிக்கு மட்டுமட்டாகத்தான் ஆள் இருந்தது. இன்னும் சிலர் நின்றுவிட்டால் அடுத்த வருடம் அணி இல்லை, மண்டபத்தில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் நேரத்தையும் மற்ற விளையாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று மெட்டே பெற்றோரிடம் சொல்லிவிட்டார். அக்காவின் மகள் ஷரோனுக்கு அப்போது பதின்மூன்று வயது. இதையும் தோற்றால் தான் வரப்போவதில்லை என்று வீட்டில் அறிவித்துவிட்டாள். அவள் நின்றால் அவளோடு நாலைந்து பேர் நிற்பார்கள். என் மகளும் அதில் ஒருத்தி.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? தொழிற்சாலை மூடும்போது கொண்டுவந்து கராஜில் போட்டிருந்த நூற்கட்டைகளை வெளியே எடுத்தார். பழைய வேலைத்தோழிகள் இருவரைக் கூப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் புது வலை பின்னினார். நல்ல தடித்த நூல், நெருக்கமான பின்னல், ஊதாவும் மஞ்சளும். அணிக்கு நூற்கட்டைகள் என்ற பெயரை, டேனிஷில் "ஸ்போலர்" என்று, பிள்ளைகள் வைத்தது அன்றைக்குத்தான். அந்த ஸ்டிக்கை வாங்கிப் பார்த்த நிலாவின் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது.

லக்ரோஸில் பெண்கள் ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் ஒவ்வொரு ஸ்டிக்கையும் படுக்கையாகக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, வலைக்குள் பந்தை வைத்துப் பார்ப்பார். பக்கச் சட்டத்துக்கு மேலே பந்தின் தலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வலை ஆழமாகத் தொங்குகிறது என்று பொருள். அந்த வலையில் பந்து சும்மாவே கிடக்கும், எப்படி ஓடினாலும் விழாது. அது கள்ள ஆட்டம்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், எஸ்பியர்க் ஊர்ப் பிள்ளைகளோடு. காலையில் நடுவர் வந்து எல்லா ஸ்டிக்கையும் பார்த்தார். எல்லாவற்றிலும் பந்து அழகாகத் தெரிந்தது. வலையின் நிறத்தைப் பார்த்து அவர் சிரித்தார்கூட. ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மழையும் தொடங்கியது. எங்கள் யூட்லாந்துப் பகுதிக்கே உரிய மழை, மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து அடிக்கிற மழை.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் வேறு பிள்ளைகளாகிவிட்டார்கள். பந்தைப் பிடித்தால் விடவில்லை. ஷரோன் பாதி மைதானத்தைத் தனியாகக் கடந்து கோல் போட்டாள். இன்னொன்று. சமன். நிலா ஒன்று போட்டாள், நாங்கள் முன்னால் போய்விட்டோம். கோல் கணக்கு எழுதும் நானே பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தேன். பெற்றோர் குடையைத் தூக்கி எறிந்து கட்டிப்பிடித்தார்கள். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஆள் மாற்றத்துக்காக வெளியே வந்த ஒரு பிள்ளையின் ஸ்டிக்கை அக்கா வாங்கினார். துடைத்துக் கொடுக்கத்தான் வாங்கினார். வலையைத் தொட்டவர் அப்படியே நின்றார். பிறகு பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து உள்ளே வைத்து, நடுவர் செய்வதைப் போலவே கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, பந்து தெரியேல்லை."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் வலையைக் காட்டினார். நனைந்த கம்பளிச் சட்டையைக் கொடியில் போட்டால் அது முழங்கால்வரை இறங்குவதைப் போல, நனைந்த பின்னல் இறங்கித் தொங்கியது. ஊருக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெண்களிடம் எல்லாம், ஈர ஸ்வெட்டரைக் கொடியில் போடாதேங்கோ என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். பிள்ளைகள் ஒரு முறை வெல்ல வேண்டும் என்ற ஆசையில் அது அவருக்கே மறந்துபோயிருந்தது.

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரம்தான். ஆட்டம் முடியட்டுமே" என்றேன். நடுவர் பார்த்து அனுப்பியதுதானே, மழை பெய்ததற்கு நாமா பொறுப்பு என்றும் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது நியாயமான பேச்சு என்றுதான் இன்றைக்கும் வாதாடுவேன். அவரோடும் பல தடவை வாதாடியிருக்கிறேன். ஒரு தடவைகூட வென்றதில்லை.

"முடிஞ்ச பிறகு சொன்னா அது வேற கதை, தம்பி."

அவ்வளவுதான். தலையில் முக்காடு போட்ட ஷாலோடு, ஸ்டிக்கைக் கையில் பிடித்தபடி, எல்லைக்கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்தார். நடுவர் விசில் ஊதினார். அக்கா தம்முடைய டேனிஷில், இந்த வலையைப் பின்னியது தாம் என்றும், மழையில் அது இறங்கிவிட்டது என்றும், பிள்ளைகளுக்கு இது தெரியாது என்றும் சொன்னார். கடைசியில் சொன்னதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். நடுவர் வாங்கிப் பார்த்தபோது எல்லா ஸ்டிக்கும் அதே கதைதான். போட்ட கோல்கள் இருக்கட்டும், ஆனால் இனி இவற்றோடு ஆட முடியாது என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். எங்களிடம் வேறு ஸ்டிக் ஏது? எஸ்பியர்க் பயிற்சியாளர் யேன்ஸ், நரைத்த தாடிக்காரர், தங்கள் உபரி ஸ்டிக்குகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் பிள்ளைகள் முன்னால் போட்டார்.

பழக்கமில்லாத ஸ்டிக். பந்து மறுபடியும் விழத் தொடங்கியது. எஸ்பியர்க் இரண்டு கோல் போட்டது. தோற்றோம்.

அன்றைக்குப் பெற்றோர் சிலர் அக்காவிடம் முகம் கொடுக்கவில்லை. ஊருக்கு நல்லவளாகப் பெயர் வாங்கப் பிள்ளைகளைத் தோற்க வைத்தார் என்றுகூட ஒருவர் சொன்னார். அக்கா அப்போது நனைந்த ஸ்டிக்குகளை என் மினிபஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பின் இருக்கையிலிருந்து ஷரோன் டேனிஷில் கேட்டாள்: ஏன் அப்படிச் செய்தீர்கள்? அவள் அழுதுகொண்டுதான் கேட்டாள். நான் கண்ணாடியில் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அக்கா திரும்பாமல் தமிழில் பதில் சொன்னார்.

"அது நான் பின்னின வலை. அதில நீ வெண்டிருந்தா, அது என்ர வெற்றி. எனக்கு உன்ர வெற்றியைப் பாக்க வேணும்."

அடுத்த பயிற்சி நாளில் ஷரோன் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தாள். மண்டபத்து நடைவழியில், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அக்கா வலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பின்னல்காரர்கள் நூலை வெட்ட மாட்டார்கள். ஒரு முனையை இழுத்துப் பிரித்து, அதைச் சிக்கில்லாமல் சுற்றுவார்கள். அதற்கு எதிரில் ஒருவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஷரோன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு, தாயின் எதிரில் உட்கார்ந்து கைகளை நீட்டினாள். அக்கா கூப்பிடவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. சின்ன வயதிலிருந்து பழகிய வேலை அவளுக்கு. பின்னால் வந்த நிலா, அவளுக்குப் பின்னால் வந்த டேனிஷ் பிள்ளைகள் என்று எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்துவிட்டார்கள். பயிற்சிக்கு விசில் ஊத வந்த மெட்டே, விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அவரும் உட்கார்ந்தார். அன்றைக்குப் பயிற்சி நடக்கவில்லை. அணியை விட்டு ஒருத்தியும் போகவில்லை.

அந்த மாதமே எஸ்பியர்க்கிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே நைலான் வலைகள், எப்படிக் கட்டுவது என்று யேன்ஸ் கையால் வரைந்த படம் ஒன்று. அக்கா அந்தப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முதல் வலையைத் தப்பாகக் கட்டி, ஷரோனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் அளவுக்கு இருவரும் பழையபடி ஆகியிருந்தார்கள்.

இரண்டாம் சீசனிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. நடுவர் பார்ப்பதற்கு முன் அக்கா பார்ப்பார். பிள்ளைகள் வரிசையாக நின்று ஸ்டிக்கைப் படுக்கையாக நீட்டுவார்கள். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, "தெரியுது. போட்டு வா" என்று சொல்லி அனுப்புவார். போய்விட்டு வா என்பதை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கேட்காமல் எந்தப் பிள்ளையும் மைதானத்துக்குள் கால் வைக்காது. டேனிஷ் பிள்ளைகள் அதன் பொருளைக் கேட்டதே இல்லை.

முதல் வெற்றி எஸ்பியர்க்கில் வைத்துத்தான் கிடைத்தது. துறைமுகப் பக்கத்து மைதானம், அன்றைக்கும் மழை. இடைவேளையில் தண்ணீர் குடிக்கக்கூடப் போகாமல் பிள்ளைகள் நேரே அக்காவிடம் ஓடி வந்து ஸ்டிக்கை நீட்டினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எதிர்ப் பக்கத்தில் யேன்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றோம். கடைசிக் கோலை ஷரோன் போட்டாள். விசில் ஊதியதும் நாங்கள் எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினோம். அக்கா ஓடவில்லை. எத்தனையோ ஆட்டங்களுக்குத் தூக்கி வந்த அந்த மடிக்கும் நாற்காலியில், முதல் தடவையாக, உட்கார்ந்துவிட்டார். ஷரோன் வந்து முன்னால் நின்றபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இரண்டே வார்த்தை: "இது உன்ர."

அதன் பிறகு நாங்கள் நிறைய வென்றோம், நிறையத் தோற்றோம். இவர்களுடைய தங்கைமார் வந்தார்கள், அடுத்தடுத்த வயதுப் பிள்ளைகள் வந்தார்கள். மண்டபத்தில் எங்கள் நேரத்தை யாரும் கேட்கவில்லை. யாருக்காவது ஸ்டிக் பற்றிச் சந்தேகம் எழுந்தால், இக்காஸ்ட்காரர்கள் பார்த்துவிட்டார்களா என்று மற்ற அணிகள் கேட்கும் நிலை வந்தது. எந்தக் கோப்பையை விடவும் எனக்கு அதில்தான் பெருமை. திருநெல்வேலியில் என் அண்ணனிடம் இதைச் சொன்னால், இதெல்லாம் ஒரு விளையாட்டாடே என்பான். ஆமாம், விளையாட்டுதான். அதில் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த பேரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

அக்கா நோய் வந்து படுத்த பிறகு மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். குரல் குறைந்திருந்தது. வலியைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. "சனிக்கிழமை ஆட்டம் இருக்கெல்லோ? மழை எண்டு போட்டிருக்கிறான். சின்னனுகளுக்குச் சொல்லுங்கோ, இடையில ஒருக்காப் பாக்கச் சொல்லி" என்றார். நைலான் வலை நனைந்தால் அப்படி ஒன்றும் இறங்காது அக்கா என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: "இறங்காது, ஓம். எண்டாலும் பாக்க வேணும்."

இறுதிச் சடங்கு திங்கட்கிழமை நடந்தது. சபையில் அவருக்குப் பிடித்த பாடல்களைப் பாடினார்கள். அவர் குரல் இல்லாமல் முன் வரிசை மெலிந்து கேட்டது. பெட்டியை வெளியே தூக்கி வந்தவர்கள் ஆறு பேரும் அந்த முதல் அணிப் பிள்ளைகள். நிலா ஒரு கைப்பிடியைப் பிடித்திருந்தாள். வாசலிலிருந்து கார் வரைக்கும் இப்போதைய ஜூனியர் பிள்ளைகள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். அவர்களோடு எஸ்பியர்க் சட்டை போட்ட பெண்கள். தாடி முழுக்க வெளுத்துப்போன யேன்ஸ். எல்லோர் கையிலும் ஸ்டிக், படுக்கையாக, உள்ளே பந்து. வரிசையின் கடைசியில், கராஜிலிருந்து எடுத்து வந்த நிலாவின் ஸ்டிக்கோடு நான்.

எல்லோரும் நீட்டிக்கொண்டு நின்றோம். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. சின்னப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

ஷரோன் பெட்டிக்கு முன்னால் நடந்து வந்தாள். தாய் தமிழில் கேட்டால் ஆயுள் முழுக்க டேனிஷில் பதில் சொன்ன பிள்ளை. முதல் ஸ்டிக்குக்கு முன்னால் நின்றாள். முழங்காலை மடித்து, கண்ணை வலை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். "தெரியுது" என்றாள். அடுத்ததற்குப் போனாள். "தெரியுது." ஒருவரையும் விடவில்லை. யேன்ஸுடையதையும் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள். என் ஸ்டிக்கின் வலைக்குள் பந்து உருண்டுகொண்டிருந்தது. அது நிற்கும்வரை பொறுத்திருந்து பார்த்தாள்.

பிறகு பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாருக்கும் தெரியுது அம்மா. நீங்கள் போட்டு வாங்கோ."